அந்துப்பூச்சிக்கு விளக்கு வைப்பது எப்படி? சேலம், ஏற்காடு பக்கத்தாருக்கான கேள்வி பதில்

இரவில் விளக்கு வைத்து அந்துப்பூச்சிகளைப் பார்க்கிறோம், பெயர் கண்டுபிடித்துக் குறித்துவைக்கிறோம் என்று சொன்னால் உடனே பல கேள்விகள் வரும். சேலம் நகரத்து மொட்டை மாடியிலிருந்து ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் வரை அப்படிக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் படிக்க வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் விளக்கு பற்றிய பதிலையும், குறிப்பேடு பற்றிய பதிலையும் மட்டும் தவறவிடாதீர்கள்.

வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்தால் போதாதா? அந்துப்பூச்சி எதற்கு?

இந்தியாவில் வண்ணத்துப்பூச்சி இனங்கள் சுமார் 1,300. அந்துப்பூச்சி இனங்களோ 10,000-க்கும் மேல். இரண்டும் ஒரே பூச்சி வரிசையைச் சேர்ந்தவை, அந்த வரிசையில் பெரும்பகுதி அந்துப்பூச்சிகள்தான். ஆனால் அவற்றைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. பகலில் கண்ணில் படாததைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

கவலைப்பட வேண்டிய காரணங்கள் உண்டு. குஞ்சுகளுக்குத் தாய்ப்பறவை ஊட்டும் புழுக்களில் கணிசமானவை அந்துப்பூச்சிகளின் புழுக்கள். பூச்சி தின்னும் வௌவால்களின் முக்கிய உணவு அந்துப்பூச்சி. மாலையில் விரிந்து மணக்கும் வெள்ளைப் பூக்கள் பலவற்றுக்கு மகரந்தம் சுமப்பவையும் இவைதான். நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் பப்பாளியே அதற்கு நல்ல உதாரணம். ஆண் மரத்துப் பூவிலிருந்து பெண் மரத்துப் பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டுபோவதில், குறுகிய சிறகும் பருத்த உடலும் கொண்ட பருந்து அந்துப்பூச்சிகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

நம் பகுதிக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இடையில் சாலை வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அடிவாரத்து முள்காடு, வறண்ட இலையுதிர் காடு, நடுவில் மூங்கில், மேலே காப்பியும் சில்வர் ஓக்கும், ஆங்காங்கே மிச்சமிருக்கும் சோலை என்று 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் நிலம் மாறிக்கொண்டே போகிறது. ஒரே இரவில், ஒரே மாதிரி விளக்கை, மேலேயும் கீழேயும் வைத்துப் பார்க்கக் கிடைக்கும் இப்படியொரு வாய்ப்பு எல்லா ஊர்க்காரர்களுக்கும் அமையாது. பூச்சி ஆர்வலர்களின் கவனம் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே போய்விடுகிறது. சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

தொடங்குவதற்கு என்னென்ன வேண்டும்?

ஒரு வெள்ளை வேட்டி, ஒரு கொடிக்கயிறு, ஒரு விளக்கு, படம் எடுக்கக்கூடிய கைபேசி, ஒரு நோட்டு. அவ்வளவுதான். கொடியில் வேட்டியைத் தொங்கவிட்டு, அதன் கீழ்ப்பகுதி தரையில் ஒரு முழம் படர்ந்து கிடக்கும்படி விடுங்கள். நிறைய பூச்சிகள் துணியில் உட்காராமல் கீழே தரையில்தான் உட்காரும். விளக்கைத் துணிக்கு முன்னால், ஒரு அடி தள்ளி, இடுப்பு உயரத்தில் வையுங்கள். பழைய வேட்டியே நல்லது, ஆனால் நீலம் போட்டு வெளுத்ததாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வெள்ளையாக இருந்தால் சரி.

சுவரை ஒட்டித் துணி கட்டாதீர்கள். சுவரில் பல்லிகள் காத்திருக்கும். அவை ஒரு மணி நேரத்தில் உங்கள் பதிவில் பாதியைத் தின்றுவிடும்.

எந்த விளக்கு வாங்குவது?

பலர் பணத்தை வீணாக்குவது இந்த விஷயத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்துப்பூச்சியின் கண்ணுக்கு நமக்குத் தெரியாத புற ஊதா ஒளி நன்றாகத் தெரியும். எனவே எத்தனை வாட் என்பதைவிட எந்த அலைநீளம் என்பதே முக்கியம். 365 நானோமீட்டர் பக்கம் ஒளி தரும் விளக்காகப் பாருங்கள். ஓட்டல்களிலும் பேக்கரிகளிலும் ஈ கொல்லும் இயந்திரம் மாட்டியிருப்பார்களே, அதற்குள் இருக்கும் நீல வெளிச்சக் குழல்விளக்கு இந்த வகைதான். மாற்று டியூப் தனியாகவே விற்பார்கள். 15 அல்லது 20 வாட் டியூப் ஒன்றும், அதற்குப் பொருத்தமான பட்டியும் இருந்தால் வீட்டு மாடிக்குத் தாராளம்.

மின்சாரம் இல்லாத இடத்துக்கு, பவர் பேங்கில் எரியும் புற ஊதா எல்.இ.டி. விளக்கு வசதி. ஆனால் ஆன்லைனில் மலிவாக வரும் ஊதா நிற எல்.இ.டி. பலவும் 395 நானோமீட்டர். அவை கண்ணுக்குப் பளபளவென்று தெரியும், பூச்சி வரத்து குறைவாக இருக்கும். வாங்கும்முன் அலைநீளம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவே இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. கிருமிநாசினி விளக்கு என்று விற்கப்படும் டியூப்பைத் தப்பித்தவறியும் வாங்க வேண்டாம். கொரோனா காலத்தில் இவை வீட்டுக்கு வீடு பரவின. அவை 254 நானோமீட்டர் அலைநீளம் கொண்டவை. கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். வெளித்தோற்றத்தில் இரண்டு டியூப்களும் ஒரே அளவாக இருக்கும். கிருமிநாசினி டியூப்பின் கண்ணாடி முழுக்கத் தெளிவாக, உள்ளே பூச்சு எதுவும் இல்லாமல் இருக்கும். நமக்கு வேண்டிய டியூப்பின் உள்பக்கம் வெள்ளைப் பூச்சோ, கருநீலக் கண்ணாடியோ இருக்கும். சந்தேகம் இருந்தால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அலைநீளத்தைப் பார்க்காமல் சுவிட்சைப் போடாதீர்கள். சரியான விளக்காக இருந்தாலும் அதை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணிந்துகொள்வது நல்லது.

பழைய ஆட்கள் பாதரச ஆவி விளக்கைப் புகழ்வார்கள். உண்மைதான், அது ஏராளமான பூச்சிகளைக் கூட்டும். ஆனால் கண்ணாடி தீயாய்ச் சுடும், மழைத்துளி பட்டால் வெடிக்கும், மின்சாரம் தின்னும், உள்ளே பாதரசம் வேறு. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு அந்த வகை விளக்குகள் வழக்கொழிந்து வருகின்றன. புதிதாகத் தொடங்குபவர் அதைத் தேடி அலைய வேண்டாம்.

வீட்டில் இருக்கும் சாதாரண வெள்ளை எல்.இ.டி. பல்பில் கிட்டத்தட்டப் புற ஊதாவே கிடையாது. ஆனாலும் சில பூச்சிகள் வரும். வாசல் விளக்கடியில் தினம் பார்ப்பவற்றைக் குறித்துவைப்பதும் ஒரு நல்ல தொடக்கம்தான்.

துணி வேறு, பொறி வேறா? பொறியை வீட்டிலேயே செய்ய முடியுமா?

துணி என்றால் நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பொறி என்றால் விளக்கைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம், விடியற்காலையில் வந்து பார்க்கலாம். பெட்டிக்கு மேல் புனல், புனலுக்கு மேல் விளக்கு, விளக்கைச் சுற்றிச் செங்குத்தாக மூன்று நான்கு தடுப்புத் தகடுகள். சுற்றிவரும் பூச்சி தகட்டில் மோதி, புனல் வழியாக உள்ளே இறங்கும். இங்கிலாந்தில் 1950-ல் வந்த ராபின்சன் பொறி முதல் இன்று வரும் சிறிய பொறிகள் வரை அடிப்படை இதுதான்.

மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் வாளி ஒன்று, அகன்ற புனல் ஒன்று, தகட்டுக்குத் தெளிவான அக்ரிலிக் துண்டுகள், இவை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடிக்கலாம். உள்ளே மளிகைக் கடையில் கிடைக்கும் முட்டை அட்டைகளைப் போடுங்கள். குழிகளுக்குள் பூச்சிகள் போய் அமைதியாக ஒண்டிக்கொள்ளும், ஒன்றையொன்று இடித்துச் சிறகு கிழியாது. வாளியின் அடியில் மழைநீர் வடிய சிறு துளைகள் போட்டு வலை ஒட்டுங்கள்.

எறும்புதான் நம் ஊரில் பெரிய தொல்லை. பொறியை முக்காலியில் வைத்து, கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். விளக்கின் மின்னிணைப்புகள் மழை படாதபடி மூடியிருக்க வேண்டும். மாடியில் ஈரத்தோடு வயரைத் தொடுவது உயிருக்கே ஆபத்து, இதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

அந்துப்பூச்சி விளக்கைத் தேடி ஏன் வருகிறது?

நிலவைப் பார்த்துத் திசை கண்டு பறக்கும் பூச்சி, விளக்கை நிலவென்று நினைத்துவிடுகிறது என்பது நெடுநாள் விளக்கம். 2024 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. அதிவேக கேமராக்களில் பூச்சிகள் பறப்பதைப் பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். பறக்கும் பூச்சி எப்போதும் வெளிச்சமான பக்கத்துக்குத் தன் முதுகைக் காட்டும். இரவிலும் தரையைவிட வானம் சற்று வெளிச்சமானது. ஆக, முதுகு வானத்தைப் பார்த்தால் உடல் நேராக இருக்கிறது என்று அர்த்தம். பக்கவாட்டில் ஒரு விளக்கு வந்ததும் அதற்கு முதுகைத் திருப்புகிறது, உடல் சாய்கிறது, பாதை வளைகிறது, விளக்கைச் சுற்ற ஆரம்பிக்கிறது. விளக்கு கீழே இருந்து மேல்நோக்கி அடித்தால் பூச்சி தலைகீழாகப் புரண்டு விழுவதையும் அந்த ஆய்வில் காணலாம்.

ஆகவே பூச்சி விளக்கின் மேல் ஆசைப்பட்டு வருவதில்லை, சிக்கிக்கொள்கிறது. இது தெரிந்த பிறகு விளக்கை எவ்வளவு நேரம் எரிய விடுகிறோம் என்பதில் நமக்குப் பொறுப்பு கூடுகிறது.

எந்த மாதம், எந்த இரவு நல்லது?

காற்றில்லாமல், புழுக்கமாக, மேகம் மூடிய அமாவாசைப் பக்கத்து இரவு. இதைவிடச் சிறந்தது இல்லை. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வரத்து குறையும், தெளிந்த வானமாக இருந்தால் இன்னும் குறையும்.

சேலத்தில் பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் காலத்தில் பூச்சி குறைவு. கோடை மழை ஒன்றிரண்டு கொட்டி, செடிகள் துளிர்த்த பிறகு பாருங்கள், மாற்றம் கண்கூடாகத் தெரியும். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் கொஞ்சம் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு என்பதால் ஆடியிலிருந்து கார்த்திகை வரை நல்ல காலம். ஏற்காட்டில் மார்கழி, தை மாதக் குளிரில் வரத்து வெகுவாகக் குறைந்துவிடும். மூடுபனி இறங்கிய இரவு என்றால் வீண் என்று நினைக்காதீர்கள். குளிர் அதிகம் இல்லாமல் பனி மட்டும் மூடியிருந்தால் துணி நிறைந்துவிடும்.

மழை தூறினாலும் பரவாயில்லை. பலத்த காற்றுதான் ஆகாது.

மழை பெய்த மறுநாள் ஈசல் கிளம்பும் என்பதை மறக்க வேண்டாம். ஈசல் வந்தால் விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள்.

ஏற்காட்டில் எங்கே வைக்கலாம்? அனுமதி வேண்டுமா?

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் நுழையவே கூடாது. ஆய்வுக்காக வேண்டுமென்றால் வனத்துறையிடம் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மலைப்பாதையின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி விளக்கு வைக்கும் யோசனையும் வேண்டாம். வளைவில் வரும் ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்துவிடும்.

தனியார் எஸ்டேட், தெரிந்தவர் வீடு, தங்கும் விடுதியின் தோட்டம், இவைதான் வழி. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, தோட்டத்துக் காவல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு நீல வெளிச்சத்தைப் பார்த்தால் அவருக்கு வேறு எண்ணம்தான் வரும். ஏற்காட்டில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. காப்பிச் செடிகளுக்கு இடையில் அது நிற்பது பக்கத்தில் போகும்வரை தெரியாது. தனியாகப் போக வேண்டாம், வீட்டு வாசலுக்கு அருகிலேயே துணியைக் கட்டுங்கள். கால்களை மூடும் செருப்போ பூட்ஸோ அவசியம், டார்ச் இல்லாமல் அடி எடுத்து வைக்க வேண்டாம்.

ஏரியைச் சுற்றிய கடைவீதிப் பகுதியில் வெளிச்சம் அதிகம், அங்கே வைத்துப் பயனில்லை. நாகலூர் போன்ற பக்கங்களில் உள்ள தோட்டங்கள் இருட்டாக இருக்கும்.

சேலம் டவுனுக்குள் என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது?

நிறையவே வரும். பூச்சி வருவது செடியைப் பொறுத்தது. தெருவில் அரளியோ நந்தியாவட்டையோ இருந்தால், பச்சையில் சலவைக்கல் வரிகள் போட்ட அரளிப் பருந்து அந்துப்பூச்சி வர வாய்ப்பு உண்டு. டாப்னிஸ் நெரி என்பது அதன் அறிவியல் பெயர். நம் ஊர் அந்துப்பூச்சிகளில் இதைவிட அழகானது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆமணக்கு இருக்கும் இடத்தில் காவடிப்புழுவின் பூச்சி அகேயா ஜனாட்டா, பின்சிறகில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு வரும். கொய்யா, மாதுளை இருந்தால் இளம்பச்சை நிறத்தில் டிரபாலா விஷ்ணு. புறம்போக்கில் கிலுகிலுப்பைச் செடி முளைத்திருந்தால் வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் பொட்டு வைத்த யூடெதீசா. புழுவாக இருக்கும்போது அந்தச் செடியின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் இதைத் தொடுவதில்லை.

எள் வயல் பக்கம் இருப்பவர்களுக்கு மண்டையோட்டு அந்துப்பூச்சி கிடைக்கலாம். முதுகில் மண்டையோடு போல ஒரு குறி இருக்கும். கையில் எடுத்தால் கீச்சென்று கத்தும். தேனடைக்குள் புகுந்து தேன் குடிக்கும் பழக்கம் இதற்கு உண்டு. கெட்ட சகுனம் என்று அடித்துப்போட வேண்டாம், அது கடிக்காது, கொட்டாது.

ஆத்தூர், வாழப்பாடி, கெங்கவல்லி பக்கம் மக்காச்சோளம் அதிகம். அங்கே விளக்குக்கு வரும் சாம்பல் நிறப் பூச்சிகளை அலட்சியம் செய்யாதீர்கள். அவற்றில் படைப்புழுவின் பூச்சியும் இருக்கலாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்தப் படைப்புழு, இந்தியாவில் 2018-ல் கர்நாடகத்தில்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அது எவ்வளவு வேகமாக நம் வயல்களுக்கு வந்தது என்பது மக்காச்சோளம் போட்டவர்களுக்குத் தெரியும். ஓர் ஊருக்குப் புதிதாக ஒரு பூச்சி எப்போது வருகிறது என்பதை அறிய, அதற்கு முன் அந்த ஊரில் என்னென்ன இருந்தன என்ற பட்டியல் வேண்டும்.

ஏற்காட்டில் என்ன எதிர்பார்க்கலாம்?

காப்பியும் ஆரஞ்சும்தான் அங்கே கதை. பழம் துளைக்கும் யூடோசிமா அந்துப்பூச்சி, முன்சிறகு காய்ந்த இலை மாதிரியும், பின்சிறகு மஞ்சளில் கறுப்பு வரிகளோடும் இருக்கும். இதன் உறிஞ்சுகுழல் ஆரஞ்சுத் தோலையே துளைக்கும் அளவுக்குக் கூர்மையானது. வேடிக்கை என்னவென்றால் புழு ஆரஞ்சு மரத்தைத் தொடாது. அது சீந்தில் கொடி போன்றவற்றைத் தின்று வளர்கிறது. எனவே தோட்டத்து வேலியில் என்ன கொடி படர்ந்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காப்பிச் செடியில் வளரும் செபனோடிஸ் ஹைலாஸ் பகலில் பறப்பது. கூட்டை விட்டு வெளிவரும்போது சிறகில் செதில் இருக்கும், முதல் தடவை பறக்கும்போதே செதில்கள் உதிர்ந்து கண்ணாடிச் சிறகாகிவிடும். பூவுக்கு முன் அந்தரத்தில் நின்று தேன் குடிப்பதைப் பார்ப்பவர்கள் தேனீ என்றோ தேன்சிட்டு என்றோ நினைப்பார்கள். விளக்குக்கு இதை எதிர்பார்க்க வேண்டாம், பகலில் பூச்செடிகளைப் பாருங்கள். காப்பித் தண்டைத் துளைக்கும் சியூசெரா பற்றித் தோட்டக்காரர்களிடம் கேட்டால் விவரம் கிடைக்கும். ஆனால் அவர்களுக்குப் பெரும் நட்டம் தரும் வெள்ளைத் தண்டு துளைப்பான் அந்துப்பூச்சி அல்ல, அது வண்டு.

வால் நீண்ட இளம்பச்சை நிலா அந்துப்பூச்சியையும், விரித்தால் ஒரு சாணையும் தாண்டக்கூடிய அட்லஸையும் எல்லோரும் கேட்பார்கள். இரண்டுக்கும் சாப்பிட வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துச் சில நாட்கள் வாழ்ந்து, முட்டையிட்டு மடிந்துவிடும். அவை வந்தால் படம் எடுத்துவிட்டு உடனே விளக்கை அணைத்துவிடுங்கள், அவற்றுக்கு இருக்கும் இரவுகள் குறைவு.

குறிப்பேட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

இந்தக் கேள்விக்கான பதில்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். படம் எடுத்து, பெயர் போட்டு, பெருமையாகப் பகிர்வதோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். அது பதிவு ஆகாது. தேதி, இடம், விளக்கின் வகையும் வாட்டும், எத்தனை மணிக்குப் போட்டு எத்தனை மணிக்கு அணைத்தீர்கள், வானம் எப்படி இருந்தது, மழையா காற்றா, நிலவு எந்தப் பட்சம், வெப்பநிலை என்ன, பிறகு ஒவ்வொரு இனத்திலும் எத்தனை வந்தன. இவ்வளவும் வேண்டும்.

ஏன் இவ்வளவு? ஐந்து வருடம் கழித்து, உங்கள் தெருவில் ஒரு பூச்சி குறைந்துவிட்டதா என்று யாராவது கேட்டால், அதற்குப் பதில் சொல்ல ஒரே மாதிரி விளக்கில், ஒரே இடத்தில், ஒரே அளவு நேரம் பார்த்த கணக்கு தேவை. இல்லாவிட்டால் பூச்சி குறைந்ததா, நீங்கள் பார்த்த நேரம் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிட்டனில் 1960-களிலிருந்து ஒரே மாதிரிப் பொறிகளை நாடெங்கும் இரவுதோறும் எரியவிட்டு எண்ணி வந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் 1968-க்கும் 2017-க்கும் இடையில் பெரிய அந்துப்பூச்சிகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. அரிய பூச்சிகளைத் தேடிப் போயிருந்தால் இது தெரிந்திருக்காது. தினம் வரும் சாதாரணப் பூச்சிகளை எண்ணியதால் தெரிந்தது.

ஆகவே என் யோசனை இதுதான். வருடத்துக்கு ஒருமுறை ஏற்காடு போய் ஓர் இரவில் ஐம்பது படம் எடுப்பதைவிட, கன்னங்குறிச்சியிலோ அம்மாபேட்டையிலோ இருக்கும் உங்கள் மாடியில் வாரம் ஒருநாள், இரவு ஏழு முதல் பத்து வரை, அதே விளக்கை வைத்து எண்ணுங்கள். வாரம் முடியாவிட்டால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அதையே ஏற்காட்டில் இருக்கும் ஒரு நண்பரும் செய்தால், மலையின் மேலும் கீழும் என்ன நடக்கிறது என்று காட்ட ஒரு கணக்கு கிடைக்கும்.

ஒன்றுமே வராத இரவையும் எழுத வேண்டுமா?

கட்டாயம். பூஜ்யமும் ஒரு கணக்குத்தான். விளக்கு எரிந்தது, ஒன்றும் வரவில்லை என்று எழுதிவையுங்கள்.

நூற்றுக்கணக்கில் சின்னப் பூச்சிகள் வந்தால் எப்படி எண்ணுவது?

பெரியவற்றைச் சரியாக எண்ணுங்கள். அரை அங்குலத்துக்கும் குறைவானவை கூட்டமாக வந்தால், துணியில் ஒரு முழச் சதுரத்தைக் குறித்து அதில் உள்ளவற்றை எண்ணி எழுதலாம். எப்படி எண்ணினீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். உத்தேசமாகப் போட்டால் உத்தேசம் என்றே எழுதுங்கள்.

பெயர் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் குடும்பம். உட்காரும் விதமே பாதி சொல்லிவிடும். சிறகைத் தட்டையாக விரித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டால் ஜியோமெட்ரிட் குடும்பமாக இருக்கலாம், இவற்றின் புழுக்கள் அளவெடுப்பது போல வளைந்து வளைந்து நடப்பவை. கூரை போலச் சிறகை மடித்தால் நாக்டுயிட் வகை. ஜெட் விமானம் மாதிரி குறுகிய சிறகும் பருத்த உடலும் என்றால் பருந்து அந்துப்பூச்சி. நீண்ட மூக்கும் மெல்லிய கால்களுமாகப் பளபளத்தால் கிராம்பிட் குடும்பத்தைப் பாருங்கள்.

அப்புறம் படம். மேலிருந்து நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்சிறகு தெரிந்தால் ஒன்று. அளவு தெரிய ஓரமாக ஒரு ஸ்கேல். பிளாஷ் வெளிச்சம் வெள்ளைத் துணியில் பட்டுத் தெறித்துச் சிறகின் கோடுகளை அழித்துவிடும், டார்ச்சைப் பக்கத்திலிருந்து அடித்து எடுங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் படத்தை ஏற்றினால் மற்றவர்கள் பெயர் சொல்வார்கள். இந்திய இனங்களுக்கு மாத்ஸ் ஆஃப் இந்தியா இணையதளமும், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலும் இருக்கின்றன. வீட்டு இடத்தை மறைத்துப் பகிரும் வசதி ஐநேச்சுரலிஸ்ட்டில் உண்டு, பயன்படுத்திக்கொள்ளுங்கள். கணினி தானாகச் சொல்லும் பெயரை அப்படியே ஏற்க வேண்டாம். சில இனங்களை உடலைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் சொல்ல முடியும். இனத்துக்கு மேல்படியான பேரினத்தின் பெயரோடு நிறுத்துவதில் குறை எதுவும் இல்லை, தவறான பெயர்தான் கெடுதல்.

பூச்சி சாகாதா? பாவம் இல்லையா?

நாம் செய்வது உயிரோடு பார்த்து உயிரோடு விடுவது. ஊசியில் குத்தி அடுக்குவது நம் வேலை அல்ல. ஆனாலும் கவனக்குறைவு கொல்லும். பொறியை இரவிலேயே நிழல் விழும் இடமாகப் பார்த்து வையுங்கள், சேலத்துக் காலை வெயிலில் மூடிய வாளி ஒரு மணி நேரத்தில் கொதித்துவிடும். சூரியன் ஏறும் முன் எண்ணி முடித்து, அட்டைகளை அடர்ந்த புதருக்குள் மெல்லத் தட்டிவிடுங்கள். தினம் அதே புதரில் விட்டால் மைனாவும் கரிச்சானும் கற்றுக்கொண்டு வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். ஒரே இடத்தில் அடுத்தடுத்த இரவுகள் வைக்காதீர்கள். நேற்று வந்தவற்றுக்குச் சாப்பிடவும் இணை தேடவும் ஓர் இரவு வேண்டும்.

துணி வைத்திருந்தால் வேலை முடிந்ததும் விளக்கை அணையுங்கள். நீங்கள் தூங்கும்போது அது எரிய வேண்டிய அவசியம் இல்லை.

வயலில் வைக்கும் விளக்குப் பொறியும் இதுவும் ஒன்றா?

கருவி ஒன்று, நோக்கம் வேறு. வயலில் விளக்கின் கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டை வைப்பார்கள், விழுந்த பூச்சி சாகும். நெல் தண்டு துளைப்பான், காய்ப்புழு போன்றவற்றின் வரத்தைக் கண்காணிக்க அது உதவும். ஆனால் விளக்கு நல்லது கெட்டது பார்க்காது. இரவு முழுக்க எரிய விட்டால் பயிருக்கு உதவும் பூச்சிகளும் அதில் விழுந்து சாகும். முன்னிரவில் சில மணி நேரம் மட்டும் எரித்து அணைப்பது மேல். உங்கள் வயலில் பொறி இருந்தால் தட்டில் விழுந்தவற்றை எண்ணி எழுதிவையுங்கள், அதுவும் நல்ல பதிவு.

உடம்புக்கு ஏதாவது ஆபத்து உண்டா?

அந்துப்பூச்சி கடிக்காது. சிலவற்றின் ரோமம் பட்டால் அரிக்கும், கம்பளிப்பூச்சியிலிருந்து வந்த முருங்கைப் பூச்சி போன்றவற்றை வெறுங்கையால் தொட வேண்டாம், தொட்ட கையால் கண்ணைக் கசக்கவும் வேண்டாம்.

உண்மையான தொந்தரவு வேறு பூச்சியால். மழைக்காலத்தில் விளக்குக்கு வரும், ஆரஞ்சும் கறுப்புமாக எறும்பு போல நீண்ட சிறு வண்டு ஒன்று. சிலர் ஆசிட் பூச்சி என்பார்கள். கொட்டாது, ஆனால் உடம்பில் நசுக்கினால் அதன் சாறு பட்ட இடம் வெந்து கொப்பளிக்கும். மேலே உட்கார்ந்தால் தேய்க்காமல் ஊதித் தள்ளுங்கள், பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவது உத்தமம்.

பட்டுச்சேலையை அரிப்பது இந்தப் பூச்சிகளா?

இல்லை. துணி அரிப்பது மிகச் சின்னப் பூச்சிகளைக் கொண்ட ஒரு குடும்பத்தின் புழுக்கள். வீட்டுச் சுவரில் சாம்பல் நிறத்தில் தட்டையான சிறு பை ஒன்று ஊர்ந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள், அது அந்தக் குடும்பம்தான். சிலந்தி வலை, உதிர்ந்த முடி, கம்பளி இவற்றைத் தின்னும். விளக்குக்கு வரும் பெரிய பூச்சிகளுக்கும் உங்கள் பீரோவுக்கும் சம்பந்தம் இல்லை.

விளக்குக்கு வராத அந்துப்பூச்சிகளை எப்படிப் பார்ப்பது?

கனிந்து கறுத்த வாழைப்பழம், வெல்லம், கொஞ்சம் தண்ணீர், பிசைந்து இரண்டு நாள் மூடிவைத்தால் புளித்துவிடும். பொழுது சாய்ந்ததும் மரத்தண்டில் கண் உயரத்தில் பூசுங்கள். இருட்டிய பிறகு டார்ச்சின் மங்கிய வெளிச்சத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சிறகில் பெரிய கண் வரைந்த எரிபஸ், பழம் துளைக்கும் யூடோசிமா எல்லாம் இதற்கு நன்றாக வரும். எறும்பும் வரும், அதனால் ஒரே மரத்தில் பூசாமல் நாலைந்து மரங்களில் பூசுங்கள். இதில் வந்தவற்றை விளக்குக் கணக்கோடு கலக்காமல் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

பிள்ளைகளோடு செய்யலாமா? எப்போது தொடங்குவது?

தாராளமாக. விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது, வயரைத் தொடக் கூடாது, பூச்சியைச் சிறகில் பிடிக்கக் கூடாது, இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பெரியவர்களைவிடப் பொறுமையாகச் செய்வார்கள்.

2012-லிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக் கடைசியில் தேசிய அந்துப்பூச்சி வாரம் என்று பல நாடுகளில் விளக்கு வைக்கிறார்கள், இந்தியாவிலும்தான். நமக்கு அது ஆடி மாதம், காற்றடிக்கும் காலம். திறந்த மாடியைவிடச் சுவர் மறைவில், கொல்லைப்புறத்தில் துணி கட்டினால் அந்த வாரத்திலும் நன்றாகவே பார்க்கலாம். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த அமாவாசை எப்போது என்று காலண்டரில் பாருங்கள், அன்று இரவு ஏழு மணிக்கு விளக்கைப் போடுங்கள்.